அண்ணன் சொன்ன பல் வைத்தியம்

பனியன் கம்பெனியில் ஒவ்வொரு தையல் மெஷினிலும் ஒரு சின்னக் கத்தரி கயிற்றில் கட்டித் தொங்கும். ட்ரிம்மர் என்போம். தைத்து முடித்ததும் மிச்ச நூலை அதில்தான் வெட்ட வேண்டும். என் மெஷினில் தொங்கிய ட்ரிம்மருக்குப் பச்சைப் பிடி. அது பயன்படாமலே துருப்பிடித்துப் போனது. நான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவள். நான் மட்டுமில்லை, எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான். கத்தரியை எடுத்து, வெட்டி, திரும்ப விடுவதற்குள் அடுத்த பீஸ் மடியில் வந்து விழுந்துவிடும். குனிந்தபடியே மேல் வரிசை முன்பல்லில் நூலைக் கொடுத்து ஒரு கடி கடித்தால் போதும், கை மெஷினை விட்டு நகர வேண்டியதில்லை. எங்கள் லைன் சூப்பர்வைசர் அதைப் பார்த்துச் சிரிப்பார். "சாமி வாயிலயே கத்திரி வெச்சுத்தான் அனுப்பியிருக்குது, இல்லீங்களா அம்மிணி?" என்பார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர். யாரையும் மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கணவரும் கைக்குழந்தையோடு தென்காசிப் பக்கமிருந்து வந்து இறங்கியபோது, எங்களுக்கு வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். தண்ணீர் திறந்துவிடாத வீட்டுக்காரரிடம் எங்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு நாள், தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவரை ஒரேயடியாகக் கெட்டவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நானே இன்னும் முடிவுகட்டவில்லை, அதுதான் என் தொல்லை.

டீ நேரத்தில் யாராவது ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை டீ, எத்தனை பன், பல்தான் என்ன செய்யும்? எங்கள் சந்தேகங்களை எல்லாம் அண்ணனிடம்தான் கேட்போம். பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகுமா என்று கேட்டால், "மிசினை உட்டுக் கொடஞ்சா ஆடாம என்னுங்க பண்ணும்?" என்பார். வேர் சிகிச்சை என்கிறார்களே, அது என்ன என்று கேட்டால், "நரம்பை உருவி எடுக்கறதுங்க. தாங்க மாட்டீங்க" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவார். அந்த முகச்சுளிப்பே எங்களுக்கு வலிக்கும். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு வலி மாத்திரையும், பஞ்சில் தொட்ட கிராம்புத் தைலமும் கொடுப்பார். அரை மணி நேரத்தில் வலி அடங்கும். மெஷின் ஓடும். அண்ணன் இருக்கையில் டாக்டர் எதற்கு என்று நாங்களே பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

என் முன்பல்லில் முதலில் ஒரு சின்னப் பிளவு விழுந்தது. நூல் போய்ச் சரியாக உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்றது. கொஞ்ச நாளில் பல் பழுப்பாகி, சாம்பல் நிறமாகி, ஈறு தடித்தது. முன்பல் ஆயிற்றே, சிரித்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரிகிற பல். போகுமுன் எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அண்ணனிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

அவர் உடனே மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "போகாதீங்கன்னு நான் சொல்லலீங்க அம்மிணி. மேல் பல்லுங்கறதாலதான் யோசிக்கறேன். மேல் பல்லுல கை வெச்சா கண்ணு நரம்பு அடிபட்டுப் போயிருமுங்க. எங்கூர்ல ஒரு அம்மாவுக்கு அப்படியே பார்வை மங்கிப் போச்சு. கருப்புத் துணியில கருப்பு நூல் ஓட்டற ஆளு நீங்க. கண்ணு போனா அப்பறம் என்னுங்க பண்ணுவீங்க?"

இதற்கு மேல் ஒரு தையல்காரிக்கு என்ன சொல்ல வேண்டும்? பல் போனால் வாயை மூடிக்கொள்ளலாம். கண் போனால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். நான் போகவில்லை. மாத்திரை போட்டேன். வீக்கம் வரும், வடியும், ஈறில் கொப்புளம் கட்டிச் சீழ் வரும். என் கணவர் தினமும் திட்டுவார். "அண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரப் போவுது?" என்று நான் எதிர்த்துப் பேசுவேன். வலியோடு இருந்தாலும், என் கண்ணைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட ஒரு மனிதர் இருக்கிறாரே என்று மனம் நெகிழ்ந்துகூட இருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

கடைசியில் ஒரு காலை மூக்கு வரைக்கும் வீங்கி, மேலுதடு பிதுங்கி நின்றது. கணவர் என் பேச்சைக் காதில் வாங்காமல் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு கரைந்துவிட்டது, இனி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். வீக்கம் வடிய மருந்து கொடுத்துச் சில நாள் கழித்து வரச் சொன்னார். அந்தச் சில நாளும் எனக்குப் பல்லைப் பற்றிய கவலையே இல்லை, கண்ணைப் பற்றித்தான். தூங்குகிற பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படிச் செய்தேன்.

பல் எடுக்கப் போன அன்று, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் அண்ணன். வாயில் பஞ்சு. வரவேற்பில் இருந்த பெண் அவரிடம், வெகு நாள் பழக்கம் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேல் பல்லு எடுத்திருக்குதுங்க சார். பஞ்சை நல்லாக் கடிச்சுட்டே இருங்க, அரை மணி நேரத்துக்குப் பேச வேண்டாம். இன்னைக்கு வாய் கொப்பளிக்காதீங்க. எப்பவும் பண்ற க்ளீனிங்கை அடுத்த மாசம் வெச்சுக்கலாங்க."

மேல் பல். எப்பவும் பண்ற க்ளீனிங். நான் எழுந்து நின்றுவிட்டேன். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதர், என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். கையை லேசாக உயர்த்தினார். வணக்கமா, பிறகு பேசலாம் என்பதா, தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வண்டியைக் கிளப்பி, லாரியும் ஆட்டோவும் நெருக்குகிற அந்த ரோட்டில் வளைந்து வளைந்து போனார். அவர் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உள்ளே போனதும் டாக்டரிடம் படபடவென்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதெல்லாம் அண்ணன் சொன்ன பதில்கள் உண்மையா என்றுதான். டாக்டர் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. "பல்லு நரம்பு வேறங்க, பார்வை நரம்பு வேற. மேல் பல்லை எடுக்கறதால கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். சுத்தம் செய்வதால் பல் ஆடாது, பல்லுக்கு இடையில் அடைத்திருந்த அழுக்குக் காரை போனதும் அந்தச் சந்து தெரியும், கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான் என்றார். வேர் சிகிச்சையை மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள் என்றார். நான் கேட்காமல் விட்ட ஒன்றையும் அவரே சொன்னார். "கூச்சம் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா இந்தப் பல்லைக் காப்பாத்தியிருக்கலாங்க." ஊசி போட்ட இடம் மரத்தது. பல் வந்துவிட்டது. நான் பயந்த வலியில் பாதிகூட இல்லை.

திரும்பும்போது கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பெனி போர்டுகளைப் படித்தேன். பிறகு மற்றதை மூடிக்கொண்டு படித்தேன். டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை, சின்ன எழுத்தில் இருந்த போன் நம்பர் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பார்வை துளி மங்கியிருந்தால்கூட அண்ணன் சொன்னது பொய்யில்லை என்று ஆகியிருக்கும். அப்போதுதான் அழ ஆரம்பித்தேன். பல் வலிக்கிறது என்று நினைத்து, கணவர் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

அண்ணன் ஒன்றும் நடக்காதது போலவே வேலைக்கு வந்துகொண்டிருந்தார். டீ நேரத்தில் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். "ஏண்ணே எங்கிட்டப் பொய் சொன்னீங்க?" என்றேன். பல் போன சந்தில் காற்றுப் போய், வார்த்தை உளறலாக வந்தது. அவர் அதைக் கேட்டு ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்தும் இருப்பேன், அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது.

"நீங்க லீவு கேட்டது ஷிப்மென்ட் நேரமுங்க அம்மிணி, சரக்கு கப்பலுக்குப் போகோணும்" என்றார் மெதுவாக. "வேற நேரத்துல கேட்டிருந்தா உங்களை நானே கூட்டீட்டுப் போயிருப்பனுங்க."

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். காய்ச்சலில் கிடந்த என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்தானே. இன்று வேறு கம்பெனியில் இருக்கிறேன். காலையில் செயற்கைப் பல்லை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது, அவர் சொன்ன அந்த வேறு நேரம் எதுவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கம்பெனியில் நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும், ஷிப்மென்ட் இல்லாத ஒரு நாளை எனக்கு நினைவில்லை.