ஆளில்லாத பங்க்

நகரத்தை விட்டு வெளியேறும் பெரிய சாலையில், லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு அடுத்தாற்போல் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவளை எல்லோரும் பங்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை முழுக்க நரைத்த லாரி டிரைவர்கூட வெட்கமில்லாமல் அக்கா என்பார். நிஜத்தில் அவள் அக்காவாகப் பிறந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அந்த மகராசன் எங்கோ தூரத்து நகரத்தில், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. குளிப்பாட்டி, தலைவாரி, அழ அழப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஆளாக்கியவள் இவள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், இவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். அவன் நிலைக்கு வந்தான். அதற்குள் பேச்சு வருவது நின்றுபோயிருந்தது.

பங்க்கும் முன்பு மாதிரி இல்லை. ஒரு காலத்தில் வண்டிக்கு வண்டி ஆள் ஓடும், சில்லறைக்குச் சண்டை நடக்கும், காற்று பிடிக்க வந்தவர்கள் குடும்பக் கதையே சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது வருகிறவர் கார்டைத் தேய்க்கிறார், தானே போட்டுக்கொள்கிறார், போகிறார். நன்றி சொல்லவும் மெஷினே இருக்கிறது. முதலாளி மற்றவர்களை அனுப்பிவிட்டு இவளை மட்டும் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார். மெஷின் சிக்கிக்கொண்டால் அணைத்துப் போட வேண்டும், மண் வாளியைத் துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சில நாள் காலையிலிருந்து மாலை வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வராது. தொண்டை செருமிக் குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஃபோன் போடுவாள். சாப்பிட்டாயா என்றால் ம். வேலை எப்படி என்றால் போகிறது. உடம்பு என்று ஆரம்பிப்பதற்குள், அக்கா மீட்டிங் என்பான். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வைக்கிற கம்பெனி உலகத்தில் எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. அவள் மட்டும் நம்பினாள். சரிப்பா, நீ பாரு என்று வைத்துவிடுவாள்.

ஒருநாள் கண்ணாடி அறையில் சும்மா ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தம்பியின் முகம் வந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருக்கிற அதே தம்பி, இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அங்கே மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். படிக்க வேண்டிய சைபர் பங்க் கதைகள் என்று தலைப்பு. ஊர்பேர் தெரியாத ஆட்களெல்லாம் கேள்வி கேட்க, ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, சிரித்துச் சிரித்துப் பதில் எழுதியிருந்தான்.

அவளுக்கோ சைபர் என்றால் பூஜ்ஜியம். பரீட்சையில் தம்பி ஒருமுறை வாங்கி வந்திருக்கிறான். பங்க் என்றால் அவளுக்குச் சோறு போடும் இடம். ஆக, ஆளே இல்லாத பெட்ரோல் பங்க்கைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார்கள், அதைத் தம்பி ஊருக்கெல்லாம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். நம்மைப் பற்றித்தானே என்று மனசு துள்ளியது. சொந்தப் பெயரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. சும்மா ஒருத்தி என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, ஆளில்லாத பங்க்கில் அப்படி என்னதான் கதை நடக்கும் என்று கேட்டு எழுதினாள்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான் போல. இதைவிட நல்ல விளக்கம் தானே எழுதியதில்லை என்றான். சைபர் பங்க் என்பது அதுதான், எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்கிற ஊரில் மிச்சமாகிப்போன மனுஷர்களின் கதை என்றான். கம்ப்யூட்டர் தெரிய வேண்டுமே என்று பயப்படாதீர்கள், அதில் யார் கூலி வாங்குகிறார்கள், யார் வாடகை கட்டுகிறார்கள் என்று மட்டும் பார்த்துப் படியுங்கள் என்று வழியும் சொன்னான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "எங்க அக்காகூட பங்க்லதான் வேலை பாக்கறாங்க. ஆனா அவங்க படிக்கிற ஆள் இல்ல."

அந்த வரியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அவன் யாரிடமோ பேசியிருக்கிறான் என்ற சந்தோஷமும், பேசியது இதுதானா என்ற வலியும் ஒன்றாக வந்தன.

படித்துக் காட்டுகிறேன் என்று இறங்கிவிட்டாள். முதலில் அவன் சொன்ன சின்னக் கதை: தன் தூக்கத்தைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற பெண். அப்புறம் செத்தவர்களின் குரலைத் திருடி விற்கிறவனின் நாவல். பிறகு, விளம்பரம் பார்த்து முடித்தால்தான் கண் தெரியும் என்று ஏழைகளுக்குச் சட்டம் போட்ட ஊரின் கதை. அது தடிமனான புத்தகம், பாதியில் விட்டுவிடாதீர்கள், நடுவில்தான் சூடு பிடிக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். அவள் விடவில்லை. படித்ததை எழுதுவாள். அவன் பதிலுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவான். ஆபீஸில் தனக்கு ஒட்டவில்லை என்றான், ராத்திரி சாப்பாடு பெரும்பாலும் பிஸ்கட்தான் என்றான். அக்காவிடம் ம் என்று முடித்துவிட்ட சேதியெல்லாம் சும்மா ஒருத்திக்குக் கிடைத்தது.

கிடைக்கக் கிடைக்க அவளுக்குப் பொறாமை வந்தது. தன்மேலேயே தனக்குப் பொறாமை, கேட்டிருக்கிறீர்களா? இந்தப் பேச்சை அவன் அக்காவிடம் பேச வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிந்து ஆரம்பித்தாள். தூக்கத்தை வாடகைக்கு எடுக்கிற கம்பெனி ஒன்று, என்று சொல்லி முடிப்பதற்குள் தம்பி பதறிவிட்டான்.

"அக்கா, அந்த மாதிரி மெசேஜையெல்லாம் நம்பாத. லிங்க் எதையும் தொட்டுடாத. உனக்கு இதெல்லாம் தெரியாது."

சரிப்பா என்று வைத்துவிட்டாள். பிறகு தனியாகச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியான நேரம். வெயிலில் பங்க் வெறிச்சோடிக் கிடந்தது. விளம்பர ஊர்க் கதையை முடித்துவிட்டேன், இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்று அவனுக்கு எழுதினாள். வீட்டில் பேச ஆளில்லையா என்று அவன் கேட்டான். ஒரு தம்பி இருக்கிறான் என்றாள். அப்புறம் என்ன, அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றான். வேலையாக இருப்பான் என்று அவள் எழுதியதும் பதில் உடனே வந்து விழுந்தது:

"அக்கா கூப்பிட்டா எடுக்காம இருப்பானா? இப்பவே கூப்பிடுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன், என்ன சொன்னான்னு சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றுகொண்டாள். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, நான்தான்டா அது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு தம்பியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தான்.

"தம்பி, நான்தான்..."

"அக்கா, ஒருத்தர்கிட்ட முக்கியமா பேசிட்டிருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டான். ஒரு கார் வந்து நின்றது, தானே போட்டுக்கொண்டு போனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த ஃபோனில் சும்மா ஒருத்திக்கு ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

"மன்னிக்கணும், நடுவுல ஒரு ஃபோன். முக்கியமா ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க, தம்பி எடுத்தானா?"

தம்பியை அடுத்தவரிடம் விட்டுக்கொடுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள்.

"எடுத்தான். ரொம்ப நேரம் பேசினான்."