ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள்

"இன்னும் கொஞ்சம் திருப்பும்மா... அங்கதான். நிறுத்து."

நிறுத்தினாள். திரையில் பெயின்ட் டப்பா முதுகைக் காட்டி நின்றது. முன்பக்கம் பச்சைக் கிளி லட்சணமாக உட்கார்ந்திருந்தது. பின்பக்கம், லேபிளின் இரண்டு ஓரங்களும் வந்து சேரவேண்டிய இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. கிளி, எழுத்து எல்லாமாக மொத்த லேபிளும் அதற்குள் இடவலம் மாறி நசுங்கிக் கிடந்தது.

"கிளி மேல லாரி ஏறின மாதிரி இருக்கு," என்றார் படக்காரர்.

உருவங்களின்மேல் சுற்றவேண்டிய படங்களைத் தயாரிப்பது அவர் வேலை. இந்தக் கிளியைத் திரும்பத் திரும்ப வரைந்துவிட்டார். பட்டை போகவில்லை. அச்சுக்குப் போகுமுன் டப்பாவைத் திரையில் சுற்றிப் பார்க்க உதவும் மென்பொருளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. டப்பாக் கம்பெனிக்காரர்கள் மறுநாள் காலை பார்க்க வருகிறார்கள்.

"மூத்தவரு வெளியில வேற ஆளைப் பேசிட்டாராம். இந்த மாசத்தோட என் கதை முடிஞ்சுது," என்றார். குரலில் வருத்தம் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். அவர் வீட்டில் கைக்குழந்தை.

அவள் டப்பாவை முன்பக்கம் திருப்பினாள். போன வாரக் கூட்டத்தில் அலுவலகத் தலைவரான அந்த மூத்தவரிடம், "படத்துலதான் சார் ஏதோ கோளாறு," என்று சொன்னவள் அவள்தான்.

நிரலில் அவள் கை சுத்தமான கை. மிகையாக ஒரு வரி இருந்தால் பொறுக்காது. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளைத் 'துடைப்பம்' என்பார்கள், அவளுக்கும் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு கரண்டி இருந்தால் ஒன்று காணாமல் போகும். "நல்லவேளை, நான் ஒருத்தன்தான்," என்பார் கணவர்.

படக்காரர் டீ குடிக்கப் போனதும், கிளியை எடுத்துவிட்டு வெறும் கட்டங்கள் போட்ட படம் ஒன்றைச் சுற்றினாள். கட்டத்துக்கு ஒரு எண். முன்பக்கம் எண்கள் வரிசையாக ஓடின. பட்டைக்குள் அத்தனை எண்களும் தலைகீழ் வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அப்படியானால் கிளி குற்றமற்றது.

டப்பா என்பது வட்டமாக நிற்கும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும், படத்தின் எந்தப் பகுதி உன்மேல் உட்காரும் என்று சொல்லிவைக்கவேண்டும். வட்டம் முடியும் இடத்தில், முதல் புள்ளி நிற்கும் அதே இடத்தில் கடைசிப் புள்ளியும் நிற்கும். ஒன்று படத்தின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது வலது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிப் பார்த்தாள். கடைசிப் புள்ளி இல்லை. வலது ஓரத்தைப் பிடிக்க ஆளில்லாமல், படம் முடியவேண்டிய இடத்திலிருந்து தொடக்கத்துக்கே அந்தச் சிறு இடைவெளியில் திரும்பி ஓடியிருந்தது.

யார் எடுத்தது என்று தேடவேண்டியிருக்கவில்லை. ஒரே இடத்தில் எதற்கு இரண்டு என்று போன மாதம் அவளே ஒரு நிரல் எழுதி, எல்லா உருவங்களிலும் இரட்டைப் புள்ளிகளைப் பெருக்கித் தள்ளியிருந்தாள். அப்போது முழுக்கச் சிவப்பான ஒரு லேபிளைச் சுற்றித்தான் சோதித்திருந்தாள். ஒரே நிறத்தில் பட்டை எங்கே தெரியும்?

புள்ளியைத் திரும்ப வைத்தாள். கிளியைச் சுற்றினாள். பட்டை போய்விட்டது. ஓரமும் ஓரமும் ஒட்டிக்கொண்டன.

கை விசைப்பலகைமேல் நின்றது. சும்மா சேமித்துவிடலாம். படக்காரர் கடைசியாகத் தந்த படத்தால்தான் சரியாயிற்று என்று எல்லோரும் நினைப்பார்கள். கெட்டுப்போனதும் அவர் படத்தால்தான் என்றும் நினைப்பார்கள். வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் அவரும் போவார்.

எழுந்து மூத்தவரின் அறைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் தொலைபேசியில் இருந்தார். நின்றாள்.

"என்னம்மா?"

"பட்டை போயிடுச்சு சார்."

"அப்பாடா. கடைசில ஒழுங்கா வரைஞ்சாரா?"

"அவர் முதல்லயே ஒழுங்காத்தான் வரைஞ்சிருக்கார். நான்தான் புள்ளியை அழிச்சிருக்கேன்."

"நீயா?"

"நான்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்குக் கூட்டத்துல படம்னு சொன்னியே?"

"சொன்னேன். பார்க்காம சொன்னேன்."

"நான் ஒருத்தர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேனேம்மா."

"இன்னும் வேலையில சேரலையே சார். இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க. படக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சொன்னாள். டீ ஆறிப்போன கோப்பையைப் பிடித்தபடி படக்காரர் கேட்டுக்கொண்டார். "ஓ," என்றார். பிறகு தன் இருக்கைக்குப் போய்த் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் டப்பாக் கம்பெனியிலிருந்து இருவர் வந்தார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்கள். மூடிக்கும் படம் வருமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். படக்காரரை மாற்றவில்லை என்று மூத்தவர் அறிவித்தார். இனி அவள் எதை நீக்கினாலும் இன்னொருவர் பார்த்த பிறகே அந்த மாற்றத்தைச் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னார். படக்காரர் காலை முழுவதும் அவளிடம் பேசவில்லை. மதியம் வந்து மூடியின் அளவு கேட்டார். கொடுத்தாள். சாயங்காலம் மழை பெய்ததால் பேருந்து தாமதமாக வந்தது.