எங்கள் வீட்டுக்கு வந்த வயர்லெஸ்

எங்கள் கரையில் வயர்லெஸ் என்றால் படகில் இருக்கும் பெட்டிதான். ஆழ்கடலில் நிற்கும் ஒரு படகு இன்னொரு படகோடு பேசுவது அதில்தான். "அவன் வயர்லெஸ்ல வந்தானா?" என்றுதான் ஆண்கள் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது களியக்காவிளையில் ஒரு கடையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் படகில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். மீன் போடும் அறைக்குள் தவறி விழுந்து முதுகெலும்பு போனபின் முன்னறைக் கட்டிலே கதி என்றாகிவிட்டது. எஞ்சின் இரைச்சலில் காதும் பாதி போயிருந்தது. வலியை மறக்க அவருக்கு டிவி வேண்டும். டிவி கேட்க வேண்டுமென்றால் தெருமுனை வரை சத்தம் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே மாமியாரோடு இருந்த சின்னப் பெண்ணின் புருஷன் போன படகு திரும்பி வரவில்லை. கூடப் போன படகுகளெல்லாம் கரை சேர்ந்துவிட்டன. எஞ்சின் நின்றுவிட்டது என்று வயர்லெஸில் ஒரு குரல் வந்ததாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

உடல் கிடைக்காதவரை எங்கள் தெருவில் சாவு என்ற பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். கோயிலில் இறந்தவர்களுக்கான பூசைக்கும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டிவியை மட்டும் குறைத்துவிடுவார்கள். அப்படித்தான் தெரு முழுக்க அடங்கிக் கிடந்தது. குக்கர் விசில் அடித்தால்கூட உறுத்தியது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் சிரிப்புப் படத்தின் சத்தம் போய்க்கொண்டிருந்தது. குறைத்து வைத்தால் இவர் வலியில் கத்துவார். அது இன்னும் மோசம்.

அந்தப் பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மத்தியானம் சோற்று வேளைக்குமுன் எங்கள் சன்னலுக்கு வந்து நிற்பாள்.

"அண்ணே, எஞ்சின் நின்னா போட்டு எங்கோட்டு போவும்?"

"இப்ப தண்ணி மேற்காக்கும் இழுக்கும். தீவுப் பக்கம் போய் ஒதுங்கும். அங்க உள்ளவனுவ பிடிச்சு சோறு போட்டு வச்சிருப்பானுவ. உனக்க மாப்பிள தடிச்சு வருவான் பாரு."

அவள் சிரித்துவிட்டுப் போவாள். மற்றவர்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் ஒருவர்தான் கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்தக் கடலில் வருடக்கணக்காகக் கிடந்தவர் என்பதால் இவர் சொன்னால் அவளுக்கு நம்பிக்கை. அதைக் கேட்டுவிட்டுப் போனால்தான் சோற்றில் கை வைக்கிறாள் என்று அவள் மாமியார் என்னிடம் சொல்லி அழுதாள்.

காதில் மாட்டி டிவி கேட்கும் சாமான் இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் களியக்காவிளைக்குப் பஸ் ஏறினேன். எனக்குக் கடையில் ஏறிப் பேசுவதே பெரும் பாடு.

"உங்க டிவி தட்டையா, பின்னால தொந்தி உள்ளதா?" என்றார் கடைக்காரர்.

"தொந்தி உள்ளது."

"அப்ப புளூடூத்து பிடிக்காது."

கண்ணாடி அலமாரியில் இருந்தவற்றின் விலையை நான் கேட்கவே இல்லை. எனக்குத் தோதாக அவர் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று கழுத்தில் தொங்குவது, செல்போனுக்கு மட்டும்தான் ஆகும். இன்னொன்று காதின்மேல் பஞ்சுபோல உட்காரும். அதுதான் ஆக மலிவு. ஆனால் கையில் பிடித்திருக்கும்போதே பாட்டு வெளியே கசிந்தது. மூன்றாவது காதை முழுக்க மூடியது. கூட ஒரு சின்னப் பெட்டி, அதை டிவியின் பின்னால் சொருக வேண்டும். பேட்டரி போடும் மூடி சரியாகப் பொருந்தவில்லை. காதில் படும் ரெக்சின் இப்போதே உரியத் தொடங்கியிருந்தது. எந்தக் கம்பெனி என்றும் தெரியவில்லை.

"வெளிய கேக்குமா?" என்று அது ஒன்றைத்தான் கேட்டேன்.

"இத மாட்டினா உள்ள கேக்குத ஒச்ச வெளிய வராது. வெளிய இடி விழுந்தாலும் உள்ள கேக்காது. வயர்லெஸ்சாக்கும் இது."

என் தலையில் அவரே மாட்டிவிட்டார். கடையும் ரோடும் சட்டென்று இல்லாமல் போயின. பாட்டு மட்டும் கேட்டது. கடைக்காரரின் வாய் அசைந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார். ஆட்கள் நின்றதால் பேசக் கூச்சப்பட்டு, தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும்.

வீட்டுப் படியேறும்போது பக்கத்து வீட்டு மாமியார் கேட்டாள், "ஏட்டி, என்ன பெட்டி அது?"

"வயர்லெஸ்" என்றேன், கடைக்காரர் சொன்னபடியே.

நான் உள்ளே போய்ப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அந்தப் பெண் ஓடிவந்துவிட்டாள். கையில் சோப்பு நுரை.

"எக்கா, வயர்லெஸ் வாங்குனியளா? அண்ணனுக்கு அதுல பேசத் தெரியும்லா? அவியள ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்கக்கா."

பெட்டியைப் பிரித்து ஹெட்போனை எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் பேட்டரி போட்டு, டிவியில் சொருகும்வரை நின்று, அதை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். டிவியில் ஏதோ துணி சோப்பு விளம்பரம். அதற்குப் பின்னால் வேறொரு குரல் வரும் என்பதுபோலக் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கழற்றித் தந்தாள்.

"நல்லா கேக்குது."

"மக்கா, வயர்லெஸ் செத்தா ஆளு செத்துட்டான்னு இல்ல" என்றார் இவர் கட்டிலில் கிடந்தபடி. "பேட்டரி இறங்கியிருக்கும். வந்துருவான்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக எங்கள் வீடும் தெருவோடு சேர்ந்து அடங்கியது. இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படம் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது என்று கையால் காட்டினார். நான் பக்கத்து வீட்டுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் எப்போதும் காதோடு காதாகத்தான். காது மூடியிருந்ததால் அன்றும் அப்படித்தான் பேசுவதாக இவர் நினைத்திருக்கிறார்.

"அவளுக்கா?"

ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிடுவதுபோல இருந்தது. நான் பதறிக் கையைக் காட்டினேன். நானும் வருத்தப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"பாவப்பட்ட பிள்ள. அந்த போட்டு முங்கிப் போச்சுட்டி. எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தண்ணியில ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். அவகிட்ட எப்பிடிச் சொல்ல?"

பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் நான் அதை இழுத்துக் கழற்றும்போது பேச்சு முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி தேய்க்கும் சத்தம் நின்றது.

"என்னட்டி?" என்றார், தன் சாதாரணக் குரலில்.

"ஒண்ணுமில்ல."

"படம் போவுது, தா" என்று என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. இவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வா மக்கா! ஒண்ணும் கவலப்படாத! வந்துருவான்!"

அதே சத்தம். கொஞ்சமும் கூடவோ குறையவோ இல்லை.

"சரி அண்ணே" என்றாள்.

அது இவருக்குக் கேட்டிருக்காது. உதடு அசைந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு டிவிக்குத் திரும்பிக்கொண்டார். அவள் நான் எடுத்து நீட்டிய குழம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே பங்குச்சாமியாரிடம் பூசைக்குச் சொன்னது அவள்தான். மாமியார் மண்ணில் விழுந்து தடுத்தும் கேட்கவில்லை. உடல் இல்லாததால் அவனுடைய சட்டையை வைத்துப் பூசை நடந்தது. அதன்பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக டிவிச் சத்தம் ஏறியது.

எங்கள் சன்னலுக்கு அவள் வருவதில்லை. வழியில் கண்டால் என்னோடு பேசுவாள், இவரைப் பற்றியும் விசாரிப்பாள்.

"அவ ஏன் இப்ப வரமாட்டேங்கா?" என்று இவர் கேட்பார். "நான் சொன்ன தைரியத்துலயாக்கும் அவ அவ்வளவு நாளும் கிடந்தா."

"ஆமா" என்பேன்.

ஹெட்போனின் ரெக்சின் முழுவதும் உரிந்துபோனதால் பழைய துணியை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இவர் அதை எடுத்து மாட்டியதும் நான் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துவேன்.

"ஏன் சாத்துக? காத்து வரட்டும்!" என்பார், அந்த வீட்டுக்கும் கேட்கும்படி.