சுடரில் கலங்காத சிறுநீர்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேபில் அப்போது வேலை செய்தேன். கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் நாட்களில் டப்பா டப்பாவாகச் சிறுநீர் வந்து நிற்கும். கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பக்கத்தைச் சுடரில் காட்டுவேன். வெள்ளையாகக் கலங்கினால் புரதம் இருக்கிறது. தெளிவாக நின்றால் இல்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு முப்பத்திரண்டு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஒரகடம் பக்கம் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடையதையும் நானே சுடவைத்துப் பார்ப்பேன். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடக் கலங்கவில்லை. "கிட்னி நல்லா கீதுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னது நான்தான்.

பெங்களூர் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடம் அவருக்குப் பார்வை மங்கியது. கண்ணுக்குள் ரத்தக் கசிவு என்று சொல்லி, கண் டாக்டர் சென்னையில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார். அவர் சிறுநீருக்கு மைக்ரோஆல்புமின் டெஸ்ட் எழுதினார். எங்கள் லேபில் அது கிடையாது. முப்பதுக்குள் இருக்கவேண்டியது நூற்றெண்பது என்று வந்தது.

"சார், நான் லேப்லதான் வேலை பாக்குறேன். போன மாசம்கூடப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல சார்."

"உங்க டெஸ்ட்ல தெரியுற அளவுக்குப் போனா லேட்டும்மா. இது அதுக்கு முன்னாடி கசியுறதைக் காட்டுது. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா இழுத்துப் பிடிக்கலாம்."

மறுநாள் லேபில் வீட்டுக்காரருடைய சிறுநீரை ஐந்து முறை சுடவைத்தேன். ஐந்து முறையும் தெளிவு. கலங்கித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கலங்கிவிடுமோ என்றும் பயந்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது பிரஷருக்கான மாத்திரை. வீட்டுக்காரர் நம்பவில்லை. "எனக்குத்தான் பிரஷரே இல்லியே. பிரஷர் மாத்திரை இன்னாத்துக்கு?"

"அது கிட்னிக்குங்க. நான் இத்தினி நாள் சொன்னத மறந்துடுங்க."

"நாலு வருசமா நீதான சொன்ன?"

மாத்திரையையும் தண்ணீரையும் அவர் கையில் கொடுத்தேன்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு அதனாலேயே விடாத வறட்டு இருமல். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் பேண்ட் பாக்கெட்டிலிருந்து பதினொரு மாத்திரைகள் விழுந்தன.

"கம்பெனி லைன்ல நின்னு இருமிகினே இருந்தா டிபின்னு சொல்லி அனுப்பிடுவாண்டி. அப்புறம் வேலைக்கு எங்க போவேன்?"

ஈரக் கையோடு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "நான்தாங்க பாக்காம வுட்டுட்டேன். என்னை இப்படித் தண்டிக்காதீங்க" என்று அலறினேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அவர் பயந்துபோய்த் தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே மறுபடி சென்னைக்குப் போனோம். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். இருமல் வரவில்லை. ஒரு வருடம் கழித்து நூற்றுப்பத்துக்கு இறங்கியது. முப்பதுக்குள் இன்றுவரை வரவில்லை.

நூற்றுப்பத்து என்று வந்த அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ரிப்போர்ட் தாளை என்னிடமிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த டெஸ்ட்டு எப்போ?" என்றார். அவராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.