கிடங்குக்கு வந்த அழைப்புகள்

அலுவலகத்தில் அவளுக்குக் குடோன் அக்கா என்றுதான் பெயர். குழாய், வாஷ்பேசின், குளியலறைக் கண்ணாடி எல்லாம் மொத்தமாக விற்கும் கம்பெனி. விற்பவர்கள் மாடியில் இருந்தார்கள். விற்கும் பொருள் பின்பக்கத்துத் தகரக் கூரைக் கிடங்கில் இருந்தது, கூடவே அவளும். லாரி வந்தால் சுமை இறக்குபவர்கள் வருவார்கள், லாரியோடு போய்விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அட்டைப்பெட்டிகளும் ஒரு மேசையும் இன்டர்காமும்தான் துணை.

அந்த இன்டர்காம் ஓயாமல் அடிக்கும். மாடியில் இருந்த கம்ப்யூட்டருக்கு பில் போட மட்டுமே தெரியும். எது இருக்கிறது, எது தீர்ந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு குழாயை விற்க வேண்டுமானாலும் அவளைக் கேட்டாக வேண்டும்.

"அக்கா, சுவர்ல மாட்டுற பேசின் இருக்கா?"

"இருக்கு. பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுதா?"

"விட்டுருச்சுக்கா. இப்போ வீட்டுக்காரருக்குப் புடிச்சிருக்கு."

"அவருக்குத்தான் தாங்காதே. ஊரையே கூட்டிருப்பாரு."

இப்படி. யாராவது எடுத்து வைக்கச் சொன்னால் அவரவருக்கென்று ஒரு நிற நாடாவைப் பெட்டியில் கட்டிவிடுவாள். அவசரம் என்று பட்டப்பெயர் வாங்கிய விற்பனைக்காரனுக்குப் பச்சை. பெரியம்மாவுக்குச் சிவப்பு. கரகரத்த குரலால் அந்த அம்மாள் யாருக்கும் உறவில்லாமலே எல்லோருக்கும் பெரியம்மா ஆகிவிட்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மஞ்சள். போனில் யாரும் பெயர் சொல்வதில்லை, அவளும் கேட்டதில்லை. பெயர் கேட்டால் வேற்று ஆள் போல ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

வீடு இரண்டு அறை. அம்மா போன பிறகு ஒரு அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். அண்ணன் அதே ஊரில்தான் இருந்தான். "ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்று அண்ணி அவ்வப்போது சொல்வாள், எப்போது என்று மட்டும் சொல்ல மாட்டாள். திங்கட்கிழமை காலை முதல் அழைப்பை எடுத்தால் அவள் குரல் அடைத்திருக்கும். "சளியாக்கா?" என்பார்கள். "ஆமா" என்பாள். சளி ஒன்றும் இல்லை. சனிக்கிழமை வேலை முடிந்து கதவைச் சாத்தியபின் பேச ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி ஒருநாள் கீழே வந்தார். சாஃப்ட்வேர் வாங்கப் போகிறாராம். இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து காட்டுவார்கள், ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும், உங்கள் இடம், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

முதலில் வந்தவர் கொண்டுவந்தது கம்பெனி முழுவதற்குமானது. கொள்முதல், விற்பனை, கணக்கு, இருப்பு எல்லாம் ஒரே இடத்தில். மாடியில் உட்கார்ந்தபடியே இருப்பைப் பார்த்து, வேண்டியதைத் தங்கள் பெயரில் ஒதுக்கிக்கொள்ளலாம். "இனிமே உங்களுக்கு ஒரு போன்கூட வராது மேடம். நிம்மதியா வேலை பார்க்கலாம்" என்றார் அவர் சந்தோஷமாக. அவள் "அப்படியா" என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

இரண்டாவது ஆளுடையது கிடங்குக்கு மட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் எண், கையில் ஒரு ஸ்கேனர், எந்தப் பெட்டி எங்கே என்று காட்டும் படம். "ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "இல்ல மேடம், அவங்க உங்களைத்தான் கேக்கணும்" என்றார், ஒரு குறையை ஒப்புக்கொள்வது போல. அவருக்குத் தேநீரே வரவழைத்தாள்.

அந்த வாரமே வினை வந்தது. குழாய் வேலைக்காரர் ஒருவர் சாம்பல் நிற வாஷ்பேசினை எடுத்துப்போக வந்தார். இருந்தது அது ஒன்றுதான். புதுப் பெண்ணின் வாடிக்கையாளருக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருந்ததாம். அக்கா பார்த்தாள். மஞ்சள் நாடா கட்டிய பெட்டி எதுவும் இல்லை.

"என்னம்மா இது, சுவர இடிச்சிட்டு வந்திருக்கேன். அந்த வீட்டுல இப்போ கை கழுவக்கூட இடமில்ல" என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தின நாள் அந்த பேசினைக் கேட்டது கட்டைக்குரல். பெரியம்மா என்று நினைத்துச் சிவப்பு நாடாவைக் கட்டியிருந்தாள். காலையில் பெரியம்மாவின் சரக்கை ஏற்றியபோது சிவப்பு நாடாவோடு அதுவும் லாரியில் போய்விட்டது.

மாடியில் புதுப் பெண்ணுக்குத் திட்டு விழுந்தது. "சத்தியமா சொன்னேன் சார்" என்று அழுதுகொண்டிருந்த அவளை விட்டுவிட்டு முதலாளி விடுவிடுவென்று கிடங்குக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னேங்கிறா, இங்க பொருளைக் காணோம். குடோன்ல எது எங்க இருக்குன்னே புரியலம்மா. அந்த ரெண்டாவது ஆளோடதையே வாங்கிடுவோம். ஸ்கேனர் இருந்தா இதெல்லாம் நடக்காது. என்ன சொல்றீங்க?"

தலையை ஆட்டினால் போதும். ஸ்கேனர் வரும், போனும் அடித்துக்கொண்டிருக்கும். திட்டு வாங்கியது இவள் இல்லை.

"பொருள் காணாமப் போகல சார்" என்றாள். "வெச்ச இடத்துலதான் இருந்துச்சு. யாருக்குன்னுதான் நான் மாத்திக் கட்டிட்டேன். அந்தப் பொண்ணுக்குச் சளி புடிச்சிருந்திருக்கு. பெரியம்மான்னு நினைச்சுட்டேன்."

"பேரு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டதில்ல."

"இத்தனை வருஷமாவா?"

அவள் மேசையில் கிடந்த நாடாக்களை ஒதுக்கி வைத்தாள். "முதல்ல வந்தாரே, அவரோடத வாங்குங்க சார். யாருக்கு என்ன வேணுமோ, மேல இருக்கறவங்களே பார்த்து அவங்க பேர்ல போட்டுக்கட்டும். ஸ்கேனர் வந்தாலும் இந்தத் தப்பை நான் திரும்பப் பண்ணுவேன்."

"சரிம்மா. உங்களுக்கும் தொல்லை குறையும்."

"ஆமா சார். குறையும்."

புது ஏற்பாடு வந்து மாதம் ஒன்று கூட ஆகவில்லை, தப்பு நின்றுபோயிற்று. பெயரும் பொருளும் அச்சடித்த சீட்டு இயந்திரத்திலிருந்து வந்தது. எடுத்து வைத்தாள். கிடங்கில் கூரைத் தகரம் வெயிலில் நெளியும் சத்தம் கேட்டது. அது எப்போதும் இருந்திருக்க வேண்டும். அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எல்லோரும் அவரவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப் பெண் பதறி எழுந்தாள்.

"என்னக்கா, ஏதாவது தப்பாயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. சாப்பிடத்தான் வந்தேன்."

"உக்காருங்கக்கா, உக்காருங்க" என்று அவசரம் ஒரு நாற்காலியைத் தள்ளினான். பெரியம்மா தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். பிறகு யாருக்கும் பேச்சு எழவில்லை. போனில் யாராவது ஒரு பொருளைக் கேட்பார்கள், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். இங்கே முகத்தைப் பார்த்துக்கொண்டு எதில் தொடங்குவது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

"பேசின் இருப்பெல்லாம் சரியா காட்டுதா?" என்று கேட்டாள்.

"காட்டுதுக்கா" என்றான் அவசரம். "பக்காவா இருக்கு."

"சரி" என்று சொல்லி டப்பாவைத் திறந்தாள்.