பதினொரு வீடியோவில் வாய் திறக்காதவர்

இண்டி மியூசிக் வீடியோ என்றாலே எனக்குக் குமட்டும். பதினாறு வருடமாகக் கல்லூரி எடிட்டிங் லேபையும் ஷூட்டிங் தளத்தையும் கட்டி மேய்த்துக்கொண்டு, வருடத்துக்கு முப்பது வீதம் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத இசை, யார் பேச்சையும் கேட்காத இசை என்று பிள்ளைகள் வாய் கிழியப் பேசுவார்கள். எடுத்துக்கொண்டு வந்து போட்டால் முப்பதும் ஒரே வீடியோ. மொட்டை மாடியில் ஒருவன் கிதாரோடு நிற்பான். தண்டவாளத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பாள். கார் கண்ணாடியில் மழை வழியும். கேமரா குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல ஆடும், அதுவும் வேண்டுமென்றே. பளிச்சென்று எடுத்த படத்தின் மேல் கம்ப்யூட்டரில் தூசியையும் கீறலையும் ஏற்றிப் பழைய ஃபிலிம் மாதிரி ஆக்குவார்கள். லென்ஸில் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்துக் கொடுப்பது என் வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

இந்தக் கண்றாவிக்கு மதிப்பெண் வேறு. வீடியோவோடு ஒரு கட்டுரையும் தர வேண்டும். 'எங்கள் வீடியோ இந்த வகைக்குரிய மரபுகளை எவ்வாறு பின்பற்றுகிறது' என்பது தலைப்பு. கறுப்பு வெள்ளைக்கு இத்தனை, பாடுகிறவர் கேமராவைப் பார்க்காமல் பாடுவதற்கு இத்தனை, 'உண்மைத்தன்மை'க்கு ஐந்து. யாருக்கும் அடங்காத பிள்ளைகள் இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த மரபுகளில் ஒன்று, தனிமையில் வாடும் கிழவர். எங்கள் கல்லூரியில் அதற்கு லைட்டண்ணன்தான்.

லைட்டண்ணன் எங்கள் எலெக்ட்ரீஷியன். அவருடைய கண் இரண்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்கும், வாயோரம் கீழே இழுத்திருக்கும். சிரித்தால்கூட யாருக்கோ ஆறுதல் சொல்வது மாதிரிதான் தெரியும். கடவுள் முகத்தை மட்டும் இழவு வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆளைக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று நான் சொல்வதுண்டு. ஏனென்றால் அந்த மனிதர் வாய் ஓயவே ஓயாது. ஏணி மேல் ஏறினால் பேச்சும் கூடவே ஏறும். எந்த வாத்தியார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார், எந்தப் பையன் யார் பின்னால் சுற்றுகிறான், எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். "மேடம், உங்க ஃபேன் நல்லாத்தான் ஓடுது, காத்துதான் வரலை. நம்ம பிரின்சிபால் மாதிரி" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

பன்னிரண்டு வருடம் முன்பு, விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மானிட்டரில் அந்த முகத்தைப் பார்த்த ஒரு மாணவன், "அண்ணே, அப்படியே இருங்க, பேசாதீங்க" என்று கத்தினான். பிடித்தது சனி. அன்றிலிருந்து பதினொரு வீடியோ. நாலில் செத்துப்போனார். மூன்றில் பழைய போட்டோவைப் பார்த்தார். மற்றதில் ஜன்னலைப் பார்த்தார். முதல் வீடியோவின்போது அவருக்கு நாற்பத்தாறு வயது, தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்து, 'கைவிடப்பட்ட முதியவர்' என்று கட்டுரையில் எழுதிவிட்டார்கள். பதினொன்றிலும் அவருக்குச் சொன்னது ஒன்றுதான், பேசாதீங்க அண்ணே.

அவர் மனைவி இருந்தவரை ஒவ்வொரு வீடியோவையும் ஃபோனில் போட்டுப் பார்த்து, வீட்டிலும் ஒருநாள் இப்படி அமைதியாக இருந்தால் என்ன என்று கேட்பாராம். ஐந்து வருடம் முன்பு அந்த அம்மா இறந்துபோனார். ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அண்ணன் எங்களிடம் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார், பழையபடி பேசினார். பிள்ளைகள் கூப்பிட்டால் பழையபடி போய் உட்கார்ந்தார்.

போன வருடக் கடைசியில் கல்லூரிப் பின்கேட்டுக்கு எதிரே இருக்கும் தையல்காரம்மாவின் மெஷின் மோட்டார் நின்றுபோனது. நான்தான் அண்ணனை அனுப்பினேன். அரை மணி நேர வேலை, இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார். மறுவாரம் மோட்டார் நன்றாக ஓடும்போதே சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் என்ன பச்சைக் குழந்தையா? அந்த அம்மாவும் தனியாள். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம், மகள் கல்யாணமாகி வேறு ஊரில். நானே நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை வரட்டும், உட்கார்ந்து டீ குடிப்போம், ஐந்தாவது ஞாயிறு என் முடிவைச் சொல்கிறேன் என்றார் தையல்காரம்மா. அண்ணன் புதுச் சட்டை வாங்கினார், ரெடிமேட் சட்டை. தையல்காரியைப் பெண் பார்க்கப் போகிற ஆள் ரெடிமேடில் போகலாமா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதர் அப்படிக் குதித்துக்கொண்டு திரிந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலை லேபுக்கு வந்து டியூப்லைட்டை மாற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன ஆச்சு என்று மூன்று தடவை கேட்ட பிறகு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம்தான் இந்த வருட வீடியோக்களைத் திறந்தேன். ஆறாவதில் அண்ணன் முகம். ஜன்னலோரம், கறுப்பு வெள்ளை, கீறல், தூசி, ஆடுகிற கேமரா, ஒரு குறையும் இல்லை. ஆனால் நடுநடுவே ஒரு மதுக்கடை வந்தது. ஒரு கை பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தது. வேறொரு அறையில் கட்டிலில் ஒரு பெண் மூச்சுக்குத் திணறினாள். கிளாஸ் மெதுவாக விழுந்து உடைந்தது. பெண்ணின் கை கட்டிலிலிருந்து தொங்கியது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, 'எங்கள் கல்லூரி மின்பணியாளரின் உண்மைக் கதை'.

சீ என்றாகிவிட்டது எனக்கு. சொட்டு மது தொடாத மனிதர். எந்தக் கழிசடை இதை எடுத்தது என்று பெயரைப் பார்த்தேன். வகுப்புக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத ஒரு பெண் உண்டு, எல்லோரும் தொப்பி என்றே கூப்பிடுவோம், அவள்தான். கான்டீனிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் பயப்படவே இல்லை.

"அண்ணனே சொன்ன கதைதான் மேம். வீடியோவா எடுங்கன்னும் அவர்தான் கேட்டார்."

"குடிச்சேன்னு சொன்னாரா?"

"இல்ல மேம். காலேஜ் ஷூட்டிங்ல இருந்தப்போ மனைவி இறந்துட்டாங்கன்னு சொன்னார். அதை எப்படிக் காட்டறது? வீடியோக்குள்ள இன்னொரு வீடியோ, யாருக்கும் புரியாது. பாட்டில்னா ரெண்டு செகண்ட்ல புரிஞ்சிடும். இந்த வகைல அதான் மரபு. கையும் பாட்டிலும் வேற ஒருத்தர், அண்ணனை ஜன்னல்கிட்ட மட்டும் எடுத்தோம்."

"அப்புறம் எதுக்கு உண்மைக் கதைன்னு போட்டே?"

"உண்மைத்தன்மைக்கு அஞ்சு மார்க் மேம்."

எடுக்கும்போது நாங்கள் எல்லோருமே அழுதோம் என்றும் சேர்த்துச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. பொய்க்கு அழுது, அழுததற்கு மார்க்கும் வாங்கிக்கொள்கிற பிள்ளைகள். அந்த எழுத்தை என் கண் முன்னாலேயே நீக்க வைத்தேன். ஐந்து மார்க் போய்விடுமே என்று கண் கலங்கினாள். போகட்டும் என்றேன். ஆனால் நீக்கி என்ன? தையல்காரம்மாவின் ஃபோனுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அனுப்பியது வேறு யாருமில்லை, லைட்டண்ணனேதான்.

ஃப்யூஸ் அறையில் போய் அவரைப் பிடித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மனைவி இறந்தது ராத்திரியில் இல்லை, காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் அவர் எங்கள் ஷூட்டிங் தளத்தில் பிணமாகப் படுத்திருந்தார். மேலே வெள்ளைத் துணி. டிரம் வாசிக்கிற பையனுக்குச் சிரிப்பு அடங்காததால் பத்தொன்பது டேக். வீட்டுக்குப் போனபோது சாயங்காலம், எல்லாம் முடிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"அங்க அவ மூச்சுக்கு அலைஞ்சிட்டு இருந்திருக்கா மேடம். நான் இங்க மூச்சு விடாம படுத்துட்டு இருந்தேன்."

இதை மறைத்துவிட்டு இன்னொரு பெண்ணை எப்படிக் கட்டுவது என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. நாலு வாரமும் சொல்ல வேண்டும் என்றுதான் போனாராம். ஊர்க்கதை எல்லாம் வந்தது, இது மட்டும் தொண்டையோடு நின்றது. தொப்பி கேமராவை வைத்து, உங்க கதையைச் சொல்லுங்க அண்ணே என்று கேட்டபோது கொட்டிவிட்டார். சரி, வீடியோவாக வந்தால் தையல்காரம்மாவுக்கு அனுப்பிவிடலாம், அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறார். வந்ததும் அனுப்பியும் விட்டார்.

"பாக்காமலா அனுப்புனீங்க?"

"அவ போனதுக்கு அப்புறம் என் வீடியோ எதையும் நான் பாக்கறதில்ல மேடம்."

என்ன சொல்வது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. இப்போதாவது போய் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். இனி சொன்னால் குடிகாரன் சாக்குச் சொல்கிறான் என்றுதான் நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே தையல்கடைக்குப் போனேன்.

தையல்காரம்மா ஒரு பேண்ட்டின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கேட்டார். பாட்டில் பொய் என்றேன், கை வேறொருவன் கை என்றேன், பிள்ளைகளை வாயில் வந்தபடி ஏசினேன். ஓரம் முடிந்து நூலை வெட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"குடிச்சாரா குடிக்கலையாங்கறது எனக்குப் பெருசில்ல அக்கா. முதல் வீட்டுக்காரர் குடிச்சவர்தான், அதை வெச்சு நான் குடும்பம் நடத்தியிருக்கேன். இவர் நாலு ஞாயித்துக்கிழமை இதோ, இந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தார். ஊர்ல உள்ளவன் கதையெல்லாம் சொன்னார். தன் கதையை ஒரு சின்னப் பொண்ணுகிட்ட சொல்லி, அவ மூலமா எனக்கு அனுப்பறார். இப்ப நீங்க வந்து சொல்றீங்க. அவருக்கு வாய் இல்லையா?"

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. திரும்பி வந்து அப்படியே அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அதே சரிந்த கண், அதே இழுத்த வாய். வராந்தாவில் போன ஒரு பையன் நின்று, சத்தமில்லாமல் ஃபோனைத் தூக்கினான். அவனை நான் பார்த்த பார்வையில் ஃபோன் தானாகப் பைக்குள் போனது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"இந்த மூஞ்சியை எங்கிட்ட காட்டாதீங்க. பன்னெண்டு வருஷம் பேசாதீங்கன்னு சொன்னாங்க, நீங்களும் பழகிட்டீங்க. எந்திரிங்க."

எழுந்தார். அரை நாள் லீவு எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பாக்கெட்டில் இருக்கும்படியே பின்கேட்டைத் தாண்டிப் போனார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். சிறிது நேரத்தில் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வந்தவர் லேபுக்குள் நுழைந்ததிலிருந்து வாயை மூடவில்லை, நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பதிவுத் திருமணம்தான், சாட்சிக் கையெழுத்துக்கு நான். அதற்கு ஒரு உடுப்பு தைத்துத் தருகிறேன் என்று தையல்காரம்மா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். அளவெடுத்துக்கொண்டே பேசினார். அன்றைக்கு முழுக் கதையையும் அண்ணன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், ஒன்றை மட்டும் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க காலைல இருந்து பதினாலு தடவை ஃபோன் போட்டிருக்காங்க அக்கா. கையில ஃபோன் இல்லையான்னு கேட்டேன். ஷூட்டிங்னா வாங்கி வெச்சுடுவாங்கன்னார். யாரு வாங்கி வெச்சதுன்னேன். அது யாரோ, விடும்மான்னுட்டார்."

ஷூட்டிங் தளத்துக்குள் ஃபோன் கூடாது என்பது என் சட்டம். வாசலிலேயே வாங்கி என் மேஜை டிராயரில் போடுவேன். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பிணத்தின் மேல் துணி ஒழுங்காக விழவில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். டிராயருக்குள் ஏதோ ஒரு ஃபோன் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. எவன் ஃபோன் இது, சனியன் என்று சொல்லி, சத்தம் கேட்காமலிருக்க மேலே ஒரு துண்டைப் போட்டு டிராயரை மூடினேன். சாயங்காலம் பார்க்காமலேயே எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். ஐந்து வருடம் தினமும் என் லேபுக்கு வந்து போயிருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. தையல்காரம்மா நாடாவை என் தோளில் வைத்தபடி நின்றார்.

"நான்தாம்மா" என்றேன்.