உள்ளே வராத அக்கா

ஆக்சிஜன் மீட்டர் கத்தினால் நான் இன்றும் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன். உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டி. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கீச்கீச்சென்று கத்தும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் அதை வெறும் தொணதொணப்பு என்றுதான் நினைத்தேன்.

அரியலூர் சாலையில் ஒரு கல்லூரியின் பின்புறம் எங்கள் கொட்டகை. நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்கச் சிறிய சோதனைத் தொட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பூமியையே துளைத்துக்கொண்டு போகும் துகள் அது. எப்போதாவது தொட்டியில் இருக்கும் திரவ ஆர்கானில், அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுவில், மோதினால், அதன் தடத்தை மயிரிழைக் கம்பிகளில் படிக்கலாம். அந்தக் கம்பிகளில் தூசி படக் கூடாது. எங்கள் பக்கமோ சுண்ணாம்புக்கல் லாரி ஓடாத நேரம் கிடையாது. அதனால் எனக்கு மூத்த ஆய்வு மாணவியான அக்காவும் நானும் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினோம். தரையோரம் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனையும் பிளாஸ்டிக் தாளால் மூடினோம். மேஜையை விரலால் தேய்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டோம். கசிகிற ஆர்கான் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், அது வெளியேற இருந்த ஒரே வழி அந்த ஃபேன்தான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தூசிப் பயத்தில் எதுவும் புத்தியில் உறைக்கவில்லை.

ஒருவர் உள்ளே வேலை செய்தால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும் என்பது விதி. அன்று நான் உள்ளே இருந்தேன். கைதவறி விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தேன். வாடை இல்லை, மூச்சு முட்டவில்லை. கால் மட்டும் துவண்டது. சுவரில் இருந்த மீட்டர் அப்புறம்தான் கத்தியது.

"குனியாத, எந்திரி, வெளிய வா," என்றார் அக்கா.

எழ முடியவில்லை. கடைசியாகப் பார்த்தது, வாசற்படியில் அழுதுகொண்டு நின்ற அவரைத்தான். அவர் உள்ளே வரவில்லை. சாகப் போகிறேன் என்பதைவிட அதுதான் என்னை நடுங்கவைத்தது.

விழித்தபோது வெளியே மரத்தடியில் கிடந்தேன். கொட்டகைக்கு வெளியே இருந்த ஆர்கான் கலனின் வால்வை மூடி, வெளியிலிருந்தே ஃபேன் வழியாக இரும்புக் கம்பியை விட்டுப் பிளாஸ்டிக்கைக் கிழித்து, வாசலோரச் சுவிட்சில் ஃபேனைப் போட்டு, மீட்டர் அடங்கிய பிறகே என்னைத் தூக்கினாராம்.

"உள்ள வரலன்னு கோவமா?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ போயிருவியோன்னு பயப்படக்கூட நேரமில்ல. எங்க உள்ள ஓடிருவேனோன்னுதான் பயந்தேன். ரெண்டு பேரும் கெடந்தா தூக்குறதுக்கு யாரு இருக்கா?"

அக்கா இப்போது வெளிநாட்டில், பெரிய தொட்டி ஒன்றில் வேலை செய்கிறார். இங்கே வாசலில் நிற்பவள் நான். உள்ளே இருக்கும் ஜூனியர் பெண் எதையாவது எடுக்கக் குனியும்போதெல்லாம், என் கால் என்னைக் கேட்காமல் படியைத் தாண்டப் பார்க்கிறது.